விதை மூட்டையைத் தொடாத குடும்பம்

1. செவ்வாய்க்கிழமை

"பூங்கொடி, எல்லாரும் செத்துட்டாங்க" என்றார் சுந்தர். நான் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாஃப்ட்வேர் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பயந்துவிட வேண்டாம். செத்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு குடியானவக் குடும்பம். 2001-இல் டெக்சாஸில், சுகர் லேண்ட் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் புரோகிராமர். சுந்தர் என் மேனேஜர். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிமுலேஷன் செய்துகொண்டிருந்தோம். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கிராமம். அதில் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பிள்ளைகள் வருடா வருடம் நடத்திக் காட்ட வேண்டும். குளிர் வருமுன் தீனி போட முடியாத பன்றிகளை வெட்டி உப்புக்கண்டம் போடுவது, மழை மிரட்டும்போதும் தன் வயலை விட்டுவிட்டுப் பண்ணைப் பிரபுவின் வயலை முதலில் அறுத்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. குளிர்காலம்தான் கொல்லும் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், பழைய தானியம் தீர்ந்து புதுக் கதிர் முற்றாத கோடையின் தொடக்கம்தான் பெரிய கொடுமை. வயல் பச்சைப் பசேலென்று நிற்கும், வீட்டில் அடுப்பு எரியாது.

வெள்ளிக்கிழமை டெமோ. பள்ளிகளின் சார்பில் நான்சி என்ற வரலாற்று ஆசிரியை பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்றால் எங்கள் டீமையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. வேலை போனால், அதோடு ஒட்டிய என் எச்-1 விசாவும் போச்சு. அதை நம்பித்தான் கணவரும் டேகேர் போகும் மகளும் இங்கே இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. அது விதைங்க

"வீட்ல மூணு மூட்டை தானியம் இருக்கு. ஸ்க்ரீன்லயே தெரியுது பாருங்க. அப்புறம் எப்படிப் பசியில சாவாங்க? லாஜிக்ல ஏதோ பக் இருக்கு."

"அது விதைங்க" என்றேன்.

"ஸோ வாட்? தானியம்தானே?"

"விதைய எப்படிங்க சாப்பிடுவாங்க?"

சுந்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் சென்னையில் ஃப்ளாட்டில் வளர்ந்தவர். எனக்கு ஊர் கோபி பக்கம், விவசாயக் குடும்பம். விதைக்கென்று எடுத்து வைத்ததை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அதனால் புரோகிராமிலும் நான் சேர்க்கவில்லை. யோசித்து விட்டதல்ல, தோன்றவே இல்லை.

"எடுத்துச் சாப்பிட விடுங்க. அதையும் சாப்பாட்டுக் கணக்குல சேர்த்தா போதும்."

சேர்த்துவிட்டேன். குடும்பம் கோடையைத் தாண்டியது. அறுத்தது வயிற்றுக்கும் பிரபுவுக்குமே சரியாகப் போக, அடுத்த விதைப்புக்குக் கையில் எதுவும் இல்லாமல், மறு வருடம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்போ என்னதான் பண்ணா பொழைப்பாங்க?" என்று சுந்தர் கத்தினார்.

"தெரியலைங்க."

நிஜமாகவே தெரியவில்லை. கடைசியில் முடிவை விளையாடுகிறவர் கையிலேயே விட்டோம். தானியம் தீரும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: விதை மூட்டையைப் பிரிக்கலாமா?

3. வெள்ளிக்கிழமை

நான்சி நன்றாகத்தான் நடத்தினார். பன்றியை வெட்டினார், பிரபுவின் வயலை அறுத்தார். கோடை வந்தது, கேள்வியும் வந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். கேள்வியை மறுபடி படித்தார். சுந்தர் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

நான்சி எங்கள் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டில் கேட்பதற்கு பட்டன் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திரையில் ஊர் நிறைய வீடுகள். ஒவ்வொரு கூரையிலும் புகை வரும்படி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வழி வைக்கவில்லை.

அதைச் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பார்க்கிங் லாட்டில் சுந்தர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"பூங்கொடி, எனக்கும் எச்-1தான். கிரீன் கார்டு இன்னும் வரல. வீட்ல கூட எதுவும் சொல்லல. இந்த வாரம் தூக்கமே இல்ல."

"உங்களுக்கு எப்பவோ வந்திருக்கும்னு நெனச்சேனுங்க. உங்களுக்கென்னன்னு உள்ளுக்குள்ள திட்டிட்டுக்கூட இருந்தேன்."

"நான் உங்களைப் பார்த்து, எவ்ளோ தைரியமா இருக்காங்கன்னு நினைச்சேன்."

சிரிப்புக்குப் பதில் எனக்கு அழுகைதான் வந்தது. ஆபீஸில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து சீட். நடுவில் ஒரு துணித் தடுப்பு மட்டும்தான்.

திங்கட்கிழமை அந்த பட்டனைச் செய்ய உட்கார்ந்தோம். கேட்டால் சில வீடுகள் கொடுக்கும், சில வீடுகள் கதவைச் சாத்தும். "யாருமே குடுக்கலன்னா?" என்றார் சுந்தர். "கேட்டுப் பார்க்கட்டுமுங்க" என்றேன். நான்சி திரும்ப வந்து பார்த்தார்; ஒப்பந்தம் கிடைத்தது; டீம் பிழைத்தது.

அதற்கப்புறமும் என் வேலை பல முறை ஆட்டம் கண்டிருக்கிறது. அப்போதெல்லாம் முதலில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பயமில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.