பவுடர்காரரின் பீப்பாய்

திண்டிவனம் நகராட்சித் தொழிலாளி சவுரிராயனுக்குக் கிருமி என்றாலே ஆகாது. கிணற்றைக் கண்டாலும் சாக்கடையைக் கண்டாலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஊரில் அவருக்குப் பெயரே பவுடர்காரர். மனுஷனுக்கு அதில் பெருமை வேறு.

அறுபத்து நாலாம் வருஷக் கோடையில், பினாயில் செய்வதற்குக் கொண்டுபோன கார்பாலிக் அமிலம் லாரியோடு ஏரியில் கவிழ்ந்தது. ஏரி வற்றிக் குட்டையாகக் கிடந்த நேரம். மனைவி அம்சாவின் சினை எருமை கரைவரை போய், மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"இந்த மாசத்துக்குள்ள தண்ணி சரியாவலன்னா மாட்ட ஓட்டிக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். நானும் அங்கியேதான்" என்றாள் அம்சா. சவுரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து விருத்தாசலம் என்கிற ஆராய்ச்சிக்காரர் வந்தார். விழுப்புரத்தில் ஒரு பினாயில் பட்டறையின் சாக்கடைச் சேற்றில், அந்த அமிலத்தையே தின்று பழகிய கிருமிகள் இருக்கின்றனவாம். பெருக்கி ஏரியில் விட்டால் விஷத்தைத் தின்று தீர்த்துவிடுமாம். சேறு கரைத்த பீப்பாயைச் சவுரிராயனிடம் ஒப்படைத்து, "சுத்தமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுத்தம் என்று அவரிடமா சொல்வது! இரண்டு கை பவுடரை அள்ளிப் போட்டு, மூங்கிலால் கலக்கியும் விட்டார்.

மறுவாரம் வந்த விருத்தாசலம் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கிருமி ஒண்ணுகூட இல்லீங்க சார்!" என்றார் சவுரிராயன்.

விருத்தாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். அம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உறைமோர்ல கொதிக்கிற தண்ணிய ஊத்துனாப்ல பண்ணிட்டியேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சவுரிராயனுக்கு மானம் போயிற்று.

அடுத்த சேற்றை அவரே விழுப்புரம் போய் ரயிலில் கொண்டுவந்தார். பவுடர் டப்பா அந்தத் திசைப்பக்கமே வரவில்லை. காற்றுப் படும்படி கிளறிக்கொண்டே இருந்தார். அம்சா எட்டிப் பார்த்தால், "தள்ளிப் போ, அதுங்க சாப்ட்டுக்கினு இருக்குது" என்று விரட்டினார். பெருகியதும் பீப்பாய் பீப்பாயாக ஏரியில் ஊற்றினார்கள். நெடி மெல்ல அடங்கியது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார் விருத்தாசலம்.

அவர் சொன்னால் ஆயிற்றா? எருமை ஒத்துக்கொள்ள வேண்டாமா? மாசக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு, மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு அம்சா புறப்பட்டே விட்டாள். ஏரிக்கரையில் எருமை ஒரு நிமிஷம் நின்றது. மோந்து பார்த்தது. பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கி, குடித்து, கழுத்தளவில் படுத்துக்கொண்டது.

சவுரிராயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஓட்டிக்கினு போயேன், யாரு வேணான்னது?"

"எறங்குனது ஏறி வரட்டும்யா" என்று அம்சா மூட்டையைக் கீழே வைத்தாள்.

பொழுது சாயும்வரை அது ஏறவே இல்லை.