சாட்சி சொன்ன பிறகு வந்த தலைசுற்றல்

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோதே கட்டி மறுபடி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் தலைவலி, வாந்தி. கேட்டால் பித்தம் என்பார்.

அவருடைய நோய் பலர் கேள்விப்படாதது. பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் கோளாறு. மூளை, கண், சிறுநீரகம் என்று எங்கு வேண்டுமானாலும் கட்டி வரும். ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று வரலாம். என் மாமனார் பார்வை போய் இளம் வயதிலேயே இறந்ததும் இதனால்தான் இருக்கும் என்று சென்னையில் டாக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது எல்லாமே எனக்குப் புரிந்தது. வருடா வருடம் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் மூளையில் இருந்த கட்டியை எடுத்த முதல் ஆபரேஷன் முடிந்து எங்கள் ஊரான திண்டிவனம் வந்ததுமே, கர்த்தர் தன்னை முழுவதும் சுகமாக்கிவிட்டார் என்று அவர் சபையில் சாட்சி சொல்லிவிட்டார். சபையே அழுது ஸ்தோத்திரம் சொன்னது. அதற்குப் பிறகு ஸ்கேன் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை.

“சாட்சி சொன்ன வாயாலயே மறுபடி கட்டி இருக்குதான்னு கேக்கச் சொல்றியா? நாலு பேரு இன்னா நெனப்பாங்க?” என்றார். நான் விளக்க ஆரம்பித்தால், “டீச்சரம்மா, வூட்ல கிளாஸ் எடுக்காத” என்று சிரிப்பார்.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை ரயிலில் நின்றபடியே ஜெபிப்பேன். ஆண்டவரே, இந்த நோயையே எடுத்துப் போடும் என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு அப்படிக் கேட்கவும் தெம்பில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது விழுந்துவிடுவாரோ என்ற பயம் பாடம் நடத்தும்போதும் கூடவே இருந்தது. ஆண்டவரே, அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும், அது போதும் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா புதிதாகச் சபைக்கு வந்தார். அவர் கணவருக்குப் புற்றுநோய். ஆராதனை முடிந்ததும் என் கணவரிடம் வந்தார்.

“தம்பி, உங்க சாட்சியச் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரும் அப்டியே சொகமாயிடுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திடலாம்னு இருக்கோம்.”

என் கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“நிறுத்தாதீங்கக்கா. எனக்கே மறுபடி தலை சுத்துது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்தேன். நாளைக்கு நான் ஸ்கேனுக்குப் போறேன். நீங்களும் அண்ணன இட்டுக்கினு போங்க.”

பக்கத்தில் நின்ற பாஸ்டர் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. என் கணவரின் தலையில் கை வைத்து ஜெபித்தார். மறுநாள் எங்களோடு சென்னைப் பேருந்தில் பாஸ்டரும் ஏறினார்.

பின்மண்டையில் கட்டி. உயிருக்கு ஆபத்தாகும் முன் எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

என் கணவர் முழுவதும் சுகமாகிவிட்டார் என்று இந்தச் சாட்சியில் நான் சொல்லமாட்டேன். சிறுநீரகத்தில் சின்னதாக ஒன்று இருக்கிறது. கவனித்து வருகிறார்கள். மகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது தலை வலித்தால் முதலில் என்னிடம் சொல்கிறார். நான் கேட்டது அதைத்தான். கர்த்தர் தந்தார்.

உங்கள் வீட்டிலும் தீராத நோய் இருக்கலாம். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லாவிட்டால் சின்னதாகவே கேளுங்கள். அதற்கும் அவர் செவிகொடுக்கிறார். அந்த அக்கா இப்போதும் தன் கணவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார். அவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.