சித்தியின் பாட்டுப்பெட்டி

சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒருமுறை திரும்பி வரும்போது சித்திக்கு ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி வந்தார். பெட்டி என்று சொல்வதே அதிகம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, நீல நிறம், சேலையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். செல்போன் கடையில் பாட்டெல்லாம் ஏற்றித் தந்திருந்தார்கள். பூம்பாறையில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் எம்பி3 அதுதான். எனக்கு அப்போது எட்டு வயது.

முதல் வாரம் அது குடும்பச் சொத்தாக இருந்தது. பூண்டுக் காட்டில் அம்மாவும் சித்தியும் அதன் வயரில் ஆளுக்கொரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரே கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டிகள் மாதிரி சேர்ந்தே நகர்ந்தார்கள். பெரியம்மா மட்டும் அதைத் தொடவில்லை. காதில் வயரை விட்டுக்கொண்டால் மனுசர் பேசுவது எப்படிக் கேட்கும் என்று அவருக்குக் கவலை.

பேசுவது பெரியம்மாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. பேச்சு எங்கே தொடங்கினாலும் சித்தியிடம்தான் வந்து நிற்கும். சித்திக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். "ஏத்தா, இந்த மாசமும் ஒண்ணும் விசேசம் இல்லையா?" என்பார். பழனிக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார். பக்கத்துக் காட்டு அத்தையும் வரப்பைத் தாண்டி வந்து ஒரு டாக்டரம்மா பேரைச் சொல்வார். விசேஷம் என்றால் எனக்குத் தெரிந்தது காதுகுத்தும் பந்தியும்தான். இத்தனை பேர் கேட்டும் சித்தி ஒரு விசேஷம் வைக்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கும் மனக்குறை இருந்தது.

பிறகு சித்தி வெள்ளனே காட்டுக்குக் கிளம்பும்போதே பாட்டை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மாவுக்கும் பங்கு இல்லை, எனக்கும் இல்லை. யார் எது கேட்டாலும் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள். தலை மெல்ல ஆடும். விரல்கள் பூண்டுத் தாளின் மேல் தாளம் போடும். அப்படி என்ன பாட்டு அது என்று எனக்கு ஆசை தாங்கவில்லை.

பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சித்தி பாட்டுப்பெட்டியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வாய்க்காலில் கை கழுவப் போனாள். நான் எடுத்து இரண்டு காதிலும் மாட்டினேன். பாட்டு வரவில்லை. எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். விளக்குகூட எரியவில்லை.

"சித்தி, இதுல பாட்டே வரல. செத்துப்போய்க் கெடக்கு" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

ஈரக் கையோடு வந்த சித்தி அப்படியே நின்றாள். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நாங்க பேசுனதெல்லாம் இத்தன நாளும் கேட்டுக்கிட்டா இருந்த?"

சித்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். என் காதிலிருந்து ஒரு முனையைப் பிடுங்கி, எந்தப் பக்கம் உள்ளே போகும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒருவழியாகத் தன் காதில் வைத்தார். சித்தியையே பார்த்தபடி ரொம்ப நேரம் கேட்டார்.

"பாடுதே. நல்லாத்தான் பாடுது" என்றார். "இந்தக் கழுதைக்கு மாட்டத் தெரியல."

முந்தானையால் இரண்டு முனையையும் துடைத்து, சித்தியின் காதில் அவரே மாட்டிவிட்டார். பிறகு அத்தையைப் பார்த்து, "ஒனக்குச் சோலி இல்லையா? மழை எறங்கப் போகுது, வெரசா போய்க் கட்டுற வேலையப் பாரு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது பாடவே இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் சத்தியம் செய்தேன். "பெரியம்மாவே பாடுதுன்னு சொல்லிட்டாங்கல்ல, விடு" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பொய் சொன்னேன் என்று போன மாதம்தான் பெரியம்மா என்னைத் தோப்புக்கரணம் போட வைத்திருந்தார். அவரே இத்தனை பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்லலாமா? அன்று சாயங்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் யாரோடும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். என் கோபத்துக்குப் பயந்துதான் அப்படி இருக்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் பெருமையாகவே தூங்கிப்போனேன்.