ஞானராஜ் கேப்டனின் இடதுபக்க சீட்

கேப்டன் ஞானராஜ் போய்விட்டார். காலையில் ஆஸ்டின் டவுனிலிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா போன் செய்தார்... இன்னும் கை ஓடவில்லை.

தெரியாதவர்களுக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு சின்ன ஹெலிகாப்டர் சார்ட்டர் கம்பெனி. அவர் பைலட். நான் வெதர் விசாரித்து, பிளைட் பிளான் போட்டு, எல்லாரிடமும் திட்டு வாங்குகிற ஆபீஸ் ஆள்.

மனுஷன் ஓட்டும்போது வாய் ஓயாது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும்! “ஸ்பீடு... சரி. உயரம்... சரி. ஃப்யூயல்... சரி.” ஹெலிகாப்டரை நிறுத்தும் ஹேங்கர் பசங்க “ஒப்பரே மாத்தாடோ கேப்டன்” என்று கன்னடத்தில் பெயர் வைத்திருந்தார்கள். தனியாகப் பேசுகிற கேப்டனாம்.

எங்கள் மெஷினுக்கு இரண்டு இஞ்சின். ஆட்டோபைலட் இருந்தால் மேகத்துக்குள்ளும் ஒரே பைலட் ஓட்டலாம் என்பது ரூல். அதனால் பைலட்டுக்கு இடதுபக்கம் காலியாக இருக்கும் சீட்டையும் பாசஞ்சருக்கே கொடுத்துவிடுவார் எங்கள் எம்.டி.

“ஒரு பைலட் போதும்னுதானே ரூல்ல இருக்கு கேப்டன்?” என்றார் எம்.டி.

“இஞ்சின் ரெண்டு வெச்சிருக்கீங்க சார். தலை ஒண்ணுதான் வெச்சிருக்கீங்க.”

பெரிய சண்டை. கடைசியில், மழைக்காலத்தில் மட்டும் அந்த சீட்டில் கம்பெனி ஆள் ஒருத்தர் உட்காரலாம் என்று முடிந்தது.

ஒரு ஜூலையில் வேறு ஆள் கிடைக்காமல் என்னை ஏற்றிவிட்டார்கள். பறக்கவே பயப்படுகிற என்னை!

மதியம் சிக்மகளூரிலிருந்து திரும்புகிறோம். பின்னால் ஒரு காபி எஸ்டேட் குடும்பம். வெளியே வெறும் வெள்ளை... மேலே எது, கீழே எது, ஒன்றும் தெரியவில்லை.

பெங்களூர் நெருங்கி இறங்க ஆரம்பித்தபோது ஒரு விளக்கு எரிந்தது. ஆட்டோபைலட் செத்துவிட்டது. ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விளக்கைவிட அவர் வாய் மூடியதுதான் எனக்குப் பயம்.

டவர் ஏதோ கேட்கிறது, பதில் சொல்ல வேண்டும். மெஷினை நிமிர்த்தி வைக்க வேண்டும், ரன்வே லைனைப் பிடிக்க வேண்டும்... எல்லாம் ஒரே ஆள்.

“நிர்மலா. அந்த டயல் தெரியுதா? உயரம். அதை மட்டும் படி. வேற எதையும் பாக்காதே.”

“ஐயாயிரம்... நாலாயிரத்தி எண்ணூறு...”

பின்னால் ஒரு அம்மா சத்தமாக சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன்.

“படிம்மா! நீ நிறுத்துனா அதையும் நான் பாக்கணும்!”

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். படித்தேன். படித்துக்கொண்டே இருந்தேன்...

திடீரென்று மேகம் விட்டது. கீழே வர்த்தூர் ஏரி, தூரத்தில் ரன்வே.

“ரன்வே... சரி. சக்கரம்... சரி.” மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இறங்கியதும் பிளாஸ்க்கைத் திறந்தார், பாதி டீ தரையில். “நல்லா படிச்சே” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயந்திரமே எம்.டி. ரூமுக்குப் போய், இரண்டாவது பைலட் இல்லாமல் மேகத்துக்குள் போகமாட்டேன் என்றார். கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். அசையவில்லை. அப்புறம் இரண்டாவது பைலட் வந்தார்.

காலையில் ஸ்டெல்லா அக்கா சொன்னது:

“ஐசியூல இருந்தப்ப மானிட்டர்ல வர்ற நம்பரைப் படி, படின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு நிர்மலா. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா படிச்சேன். கடைசி வரைக்கும் நிறுத்தவே இல்ல... எதுக்கு அப்படிக் கேட்டாருன்னு உனக்காவது தெரியுமா?”

வீட்டில் பயப்படுவார்கள் என்று அந்த நாளைப் பற்றி அவர் சொல்லவே இல்லை போல.

“நல்லா படிச்சீங்க அக்கா” என்றேன்.

போய் வாங்க கேப்டன்... எல்லாம் சரி.