பதினொன்றில் எடுத்த முகம்

போன வாரம் நம் பாப்பாவின் போட்டோவை நான் தூக்கி எறிந்ததும், "அப்பாவுக்கு வயசாகிருச்சு" என்று சிரித்தீர்கள், பிள்ளைகளா. வயசுதான். ஆனால் எறிந்தது வயசு இல்லை, கோபம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த அந்தப் படத்தில் என் பேத்தியின் நிறத்தை எவனோ கழுவி விட்டிருந்தான். பார்த்ததுமே மூக்கில் பழைய பவுடர் வாசனை ஏறிவிட்டது.

அது திண்டுக்கல்லில் நான் ஆபரேட்டராக இருந்த ஸ்டுடியோவின் வாசனை. அறுபதுகளின் கடைசி. வெளியே காற்று ஒரு பக்கம் அடித்தால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை, மறுபக்கம் அடித்தால் பிரியாணி. உள்ளே வந்தால் பவுடர். கண்ணாடி முன்னால் ஒரு டப்பா, ஊருக்கெல்லாம் ஒரே பஞ்சு.

முதலாளி மெட்ராசிலிருந்து ஃபிளாஷ் லைட் இறக்கினார். கீழே ஒரு பெட்டி. அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டு, சின்னச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் அமுக்க வேண்டும். அதுவரை பல்பு வெளிச்சத்தைக் கண்ணால் அளந்தவன் நான். இதுவோ கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஷட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் மசியாது. லென்சின் துளையைத்தான் சரிபண்ண வேண்டும்; எண் குறையக் குறையத் துளை பெரிசு, வெளிச்சம் கூடும். கூட வந்த இங்கிலீஷ் காகிதம் எட்டாம் கிளாஸ்காரனுக்கு எட்டுமா? முதல் வாரம் கேமராவிலிருந்து முகத்துக்கு அளந்தேன். பாதிப் பேர் பேய், பாதிப் பேர் கரி. பிறகுதான் உறைத்தது, அளக்க வேண்டியது விளக்கிலிருந்து மூக்குக்கு! சணல் கயிற்றை விளக்கில் கட்டி முடிச்சுப் போட்டேன். முதல் முடிச்சு மூக்கைத் தொட்டால் துளை பதினாறு, இரண்டாவது பதினொன்று, மூன்றாவது எட்டு. "மாட்டுக்கு மூக்கணாங்கயிறா மாட்டுறீக?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் படம் சரியாக விழுந்தது.

நத்தம் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர் தன் மகள் பேச்சியம்மாவைக் கூட்டிவந்தார். நல்ல கறுப்பு. இரண்டாவது முடிச்சு தொட்டது, பதினொன்று வைத்தேன். அப்பாக்காரர் முதலாளி காதில் ஏதோ சொன்னார். முதலாளி வந்து லென்ஸ் வளையத்தை மூன்று படி தாண்டி நாலுக்குத் திருப்பினார்.

"மூணு ஸ்டாப் கூட்டுனாத்தாண்டா இந்தப் புள்ள கரையேறும்."

பிலிமையும் மருந்தில் கூடக் கொஞ்ச நேரம் ஊறவிட்டார். படத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி வந்தாள். மூக்குத்தியைக்கூடக் காணோம்.

படம் நெய்க்காரப்பட்டிக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்சியம்மா காப்பித் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா, "ஏனுங்க, போட்டோல இருந்த புள்ளைய வரச் சொல்லுங்க" என்றாராம்.

இரண்டாம் நாள் பேச்சியம்மா தனியாக பஸ் ஏறி வந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். படத்தை என் மேஜையில் போட்டாள்.

"இது யாருண்ணே?"

"நீதாம்மா."

"புளுகாதீக. வந்தவுக என்னையப் பொய்க்காரின்னு பேசிட்டுப் போனாக. பொய் சொன்னது நானா, ஒங்க போட்டோ டப்பாவா?"

அந்தப் பிலிமிலிருந்தே வேறு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். பிலிமில் நிறம் தலைகீழ் அல்லவா? வெளுத்த முகம் அதில் கரிக்கட்டையாக அடைத்துக் கிடந்தது. என்ன செய்தும் மூக்குத்தி திரும்பவில்லை.

"மூஞ்சியக் கழுவிட்டு உக்காரும்மா" என்றேன். பவுடர் இல்லை. இரண்டாவது முடிச்சு, பதினொன்று. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருந்து அமுக்கினேன். அவள் சிரிக்கவில்லை, முறைத்தாள்.

நாலு நாள் கழித்து வாங்க வந்தாள். படத்தில் அவள் அப்படியே இருந்தாள். அந்தக் கறுப்புக்குள் கன்னத்து மேடு, நெற்றித் தழும்பு, மூக்குத்திப் பொட்டு, எல்லாம் இருந்தன.

"இதாண்ணே நானு" என்றாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இதக் காட்டுனா எவன்டா கட்டுவான்? என் கடைப் பேரு நாறவா?" அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தார். பிலிமையும் எடுத்துவந்து கத்தரியால் குறுக்கே வெட்டினார். நான் கை கட்டி நின்றேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

ஸ்டுடியோ போச்சு, முதலாளி போயிட்டார், பிலிமும் போச்சு. எதற்கும் நான் அழ மாட்டேன். பேச்சியம்மா எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று தெரியாது. இருபது வயசில் அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு இன்று சாட்சி இல்லை. அவள் அப்பா வாங்கிப்போன வெள்ளைப் படத்தில் இன்னொரு காப்பி மட்டும் ஏதாவது சுவரில் தொங்கும். அதைக் காட்டி அவள் பேத்தி யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள்: "எங்க அம்மாச்சி அப்ப இம்புட்டுச் செவப்பு!"