ஓட்டுப் போடாதவர் அடித்த போஸ்டர்

அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள். குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் செல்வி போனில் கூப்பிட்டார். "சார், தொரைப்பாண்டி அண்ணன் போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காக. ஆட்டோ வந்து நிக்கையில உசுரு இல்ல" என்றார். குழாயை மூடிவிட்டு விருதுநகரிலிருந்து சிவகாசிக்கும், அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருடைய ஊருக்கும் பஸ் மாறிப் போனேன். வீட்டுவாசல் பந்தலில் மூன்று கட்சிகளின் கரைவேட்டிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரிடமும் அவர் சண்டை போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

துரைப்பாண்டியை அறிந்த நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வரி: அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் நான்கு கலர் மெஷினை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, அந்த அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றிலும் எழுத்தைச் சரிபார்ப்பது என் வேலை. சேர்ந்த முதல் நாள், சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற அட்டை தொங்குவதைப் பார்த்தேன். டீக்கடைகளில் பார்த்திருக்கிறேன். அச்சகத்தில் எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"நான்தான் சார் அடிச்சேன். டீக்கடைக்காரங்க ஆர்டர். மிச்சம் கெடந்ததுல ஒண்ண மொதலாளி இங்கன மாட்டிட்டாக" என்றார். பிறகு மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்த போஸ்டரைக் காட்டினார். "ஆனா பாருங்க, சீசன் வந்தா நாம அடிக்கிறது பூரா அரசியல். கை பேசலாம், வாய் பேசக்கூடாதாம்."

அவர் பேசினார். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். அந்தக் கட்சியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இருந்திருந்தால், "எழுதுங்க சார், என்ன பயம்?" என்று கேட்டிருப்பார்.

ஒரு தேர்தல் நேரம். எதிர்க்கட்சி ஒன்றின் ஒன்றியச் செயலாளர் போஸ்டர் ஆர்டரோடு வந்தார். பெரிய ஆர்டர். முதலாளி அவரை மெஷின் வரைக்கும் அழைத்துவந்து, "நம்ம தொரைதான் அடிக்கப்போறாரு. கலர் பிரமாதமா வரும்" என்று அறிமுகப்படுத்தினார். செயலாளர் மரியாதைக்கு, "அண்ணாச்சி ஓட்டும் நமக்குத்தான?" என்று கேட்டுவைத்தார். யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

துரைப்பாண்டி கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இல்லைங்க. ஒங்க கட்சிக்கு நான் போடமாட்டேன். போஸ்டர் நல்லா வரும், அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

முதலாளியின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரிப்பா, மெசின் நமக்குப் போட்டாப் போதும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தன் கட்சி என்று சும்மா விட்டவரும் அல்ல. அவருடைய ஊரில் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோன பெண்ணின் வீட்டுக்கு அவர் கட்சிக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் ஆர்டர் கொடுக்க வந்தபோது, எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டார். "நம்ம ஆளா இருந்துகிட்டு இப்படிக் கேக்கலாமா?" என்றார் வந்தவர். "ஒங்களுக்கு ஓட்டுப் போட்டவன் கேக்காம வேற எவன் கேப்பான்?" என்றார் இவர். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துக் கட்சிக் கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அது அவருக்கு வருத்தம்தான். வருத்தம் இல்லாததுபோல் நடிக்கவும் அவருக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவது என் பிழையைப் பற்றியது. பிழை திருத்தப் போனவனின் பிழை.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய வேலை தொடங்கும்போது கலர் சரியாக விழும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே அச்சான கழிவுத் தாள்களையே மறுபடி மறுபடி மெஷினில் விடுவார்கள். ஒரே தாளில் முருகன் காலண்டர், அதன்மேல் மத்தாப்புப் பெட்டி, அதன்மேல் பூப்புனித நீராட்டு அழைப்பு என்று எல்லாம் விழுந்திருக்கும். வகுப்புக் கரும்பலகையை அழிக்காமல் ஏழு பாடவேளையும் எழுதினால் எப்படியிருக்கும், அப்படி.

செயலாளரின் போஸ்டர் கட்டுகள் வண்டியில் ஏற வேண்டிய நாளில் பைண்டிங்கில் இரண்டு பேர் வரவில்லை. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். நான் உதவிக்குப் போனேன். கட்டுக்கு மேலும் கீழும் வெறுந்தாள் வைத்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் கிடந்த அடுக்கிலிருந்து, முதுகு வெள்ளையாக இருந்த ஒரு தாளை எடுத்து வைத்துச் சணலால் கட்டிவிட்டேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் கூட்டத்தில் கட்டைப் பிரித்தபோது, நான் வைத்த அந்தக் கழிவுத் தாளின் உள்பக்கத்தில் அவர்கள் தலைவர் முகத்தின்மேல் துரைப்பாண்டியின் கட்சிச் சின்னம் பளிச்சென்று விழுந்திருந்தது. யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் பத்துப் பேர் அச்சகத்துக்கு வந்துவிட்டார்கள். பிரித்த கட்டையும் சணலோடு தூக்கி வந்திருந்தார்கள்.

"அன்னைக்கே வாய்விட்டுச் சொன்னவன்தான! இப்பச் செஞ்சுகாட்டிட்டான்!" என்று கத்தினார் ஒருவர்.

முதலாளி, "என்ன தொரை இது?" என்றார்.

துரைப்பாண்டி அந்தத் தாளைப் பார்த்தார். சணலைப் பார்த்தார். அது இரட்டை முடிச்சு. விடைத்தாள் கட்டுகளுக்கு ஆசிரியர்கள் போடுவது. அச்சகத்தில் அப்படி முடிச்சுப் போடுகிறவன் நான் ஒருவன்தான். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நான் செய்யல மொதலாளி. செய்யிறதா இருந்தா, சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றார்.

யாரும் நம்பவில்லை. தேர்தல் முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார் முதலாளி. துரைப்பாண்டியின் மனைவி வேலை பார்த்த பட்டாசு யூனிட் அப்போது ஆய்வுக்காகப் பூட்டிக் கிடந்தது. அதைவிடப் பெரியது ஒன்று: 'ஆர்டரைக் கெடுத்தவன்' என்று பெயர் விழுந்தால் சிவகாசியில் எந்த அச்சகமும் மெஷினைத் தொடவிடாது. இவ்வளவும் தெரிந்து, பென்ஷன் வாங்கும் நான், இழக்க ஒன்றுமில்லாத நான், வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் ஊருக்கே போனேன். வேப்பமரத்தடியில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"முடிச்சைப் பார்த்தீர்களே, ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நான் சொன்னா அது கோள் சார். நீங்க சொன்னாத்தான் உண்மை" என்றார். பிறகு உள்ளே இருந்த மனைவியிடம், "ஏளா, சாருக்கு மோர் கொண்டா. வெயில்ல வந்திருக்காக" என்றார். அவ்வளவுதான். கோபம் இருந்ததா என்று கேட்டேன். "இல்லாம? அம்புட்டு இருந்துச்சு. நேத்து வந்திருந்தீகன்னா மோர் கெடையாது."

நேராக அச்சகத்துக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். "நீங்களா சார்? சரி, வயசு, கைதவறியிருக்கும்" என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் கூசியது. வாத்தியார் செய்தால் கைதவறல், கருத்தைச் சொன்ன மெஷின்காரர் செய்தால் சதி. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். முதலாளிகளிடம் நான் பேசிய முதல் கடுமையான வாக்கியம் அதுதான். அவர் செயலாளருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

செயலாளர் முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சார், எனக்குப் போடுறேன்னு சொன்னவனுக ஆயிரம் பேரு. அதுல எத்தன பேரு போடுவானுகன்னு எனக்குத் தெரியாது. போடமாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொன்னது அந்த ஆளு ஒருத்தன்தான். அவன் சொன்னதை நம்பாம விட்டது எங்க தப்பு. பாக்கி போஸ்டரையும் அவனையே அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் துரைப்பாண்டி வந்தார். பத்துப் பேர் கேட்க முதலாளி, "தொரை, நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "சரி மொதலாளி, கலர் போடுவோம்" என்று மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். அந்தப் போஸ்டரில் கலர் நன்றாகவே வந்தது. தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அரசியல் பேசினோம். செல்விகூடப் பேசினார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. ஒரு வேலையும் கெட்டுப்போகவில்லை.

நாற்பது ஆண்டு வேலை வாழ்க்கையில் நான் எத்தனையோ கூட்டங்களில் தலையாட்டியிருக்கிறேன். அவர் மறைந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு, எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்காகக் காரியாபட்டி நண்பர் ஒரு வேட்பாளரை ஆதரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். முப்பது வருடப் பழக்கம். "இதில் எனக்கு உடன்பாடில்லை, போடமாட்டேன்" என்றேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். பத்து நாள் போன் இல்லை. பதினோராம் நாள் கூப்பிட்டார்.

"கோவம் இருக்கு. ஆனா கூட்டத்துக்கு வாங்க. ஒத்துக்காதவரு ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் பேசினாத்தான் அது கூட்டம்" என்றார்.

போனேன், பேசினேன். துரைப்பாண்டியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: பயந்தாலும் எழுந்து நிற்கிற இந்தக் கால்கள்.