கூடத்தில் தொங்கும் கொள்ளுத்தாத்தா

பினாங்கில் எங்கள் தெருமுனையில் நிற்கும் சுவா மாளிகையில்தான் குவாட் கெங் பிறந்தாள். ஈயமும் அபினும் விற்றுக் கொழுத்த சுவா பூன் தெக் கட்டிய வீடு அது. வாரிசுகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட, பலகையால் தடுத்து, தடுப்புக்கொரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவளுடைய அப்பா சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். அவர் இறந்த பிறகும் அவள் அங்கேயே இருந்தாள், டத்தோ பட்டம் பெற்ற பணக்காரர் சியா அந்த மாளிகையை ஹோட்டலாக்க வாங்கி எல்லோரையும் வெளியேற்றும் வரை. சாமான் கட்டும் அவசரத்தில் அவள் தம்பி, அப்பாவின் பெரிய படத்தைச் சட்டத்தோடு பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டான்.

டத்தோவுக்குப் பழமை என்றால் உயிர். ஆனால் அது புதிதாக இருக்க வேண்டும். சீனாவிலிருந்து ஆட்கள் வந்து கூரையில் பீங்கான் துண்டுகளால் டிராகன் ஒட்டினார்கள். சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் அங்கங்கே சுரண்டுவதற்குத் தனி ஆள் வைத்தார். மொத்தக் குடித்தனமும் வரிசையில் நின்ற கக்கூஸ் மசாஜ் அறையானது. குவாட் கெங்கின் அப்பா இருமிக் கிடந்த இடத்துக்கு ‘மூன்றாம் மனைவி அறை’ என்று பெயர். சுவாவுக்கு மூன்றாம் மனைவி இருந்தாளா என்று யாரும் கேட்கவில்லை. ஹோட்டல் கையேட்டில் அபின் ‘வாசனைப் பொருள்’ ஆகியிருந்தது.

படுக்கை விரிப்பு துவைக்க ஆள் தேவைப்பட்டபோது குவாட் கெங் போனாள். முதல் நாளே கூடத்தில் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தங்கச் சட்டத்துக்குள், பட்டு அங்கியும் சங்கிலிக் கடிகாரமுமாக, ‘பெருவணிகர் சுவா பூன் தெக்’ என்ற பலகைக்கு மேலே அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

நேராகப் போய் டத்தோவைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

“டத்தோ, இது எங்கப்பா.”

“எது?”

“மாட்டியிருக்கீங்களே, இவருதான். அங்கி ஸ்டூடியோக்காரனோடது. கடிகாரமும் அவனோடதுதான். செருப்பு மட்டும் எங்கப்பாவோடது.”

டத்தோ படத்தின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். ரப்பர் செருப்பு. பழைய சாமான் சந்தையில் படத்தை வாங்கும்போது பட்டின் பளபளப்பைத் தாண்டி அவர் கண் கீழே போகவில்லை.

“ஆன்ட்டி, சுவா குடும்பத்துல ஒரு படம்கூட இல்லையாம். கையேடெல்லாம் அச்சாயிடுச்சு. இப்பப் போய் ரிக்‌ஷாக்காரர்னு சொன்னா எவன் வந்து தங்குவான்?”

“அப்ப கழட்டிக் கொடுங்க.”

“ஐயோ, இந்த முதலாளிக் களையுள்ள முகத்துக்கு நான் எங்க போவேன்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, தொங்கட்டும். ஆனா அவரு செத்த நாளுக்கு வருஷா வருஷம் இங்கதான் ஊதுவத்தி கொளுத்துவேன். சுட்ட பன்றி, கெட்டிக் கோப்பி எல்லாம் உங்க செலவு.”

டத்தோ தலையாட்டினார். மறுவாரமே வாசலில் அறிவிப்பு வந்தது: ‘முன்னோர் வழிபாடு, விருந்தினர் கலந்துகொள்ளலாம்.’ அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் வரிசையில் நின்று ரிக்‌ஷாக்காரரை வணங்கினார்கள்.

“என்னைத் தள்ளின வீட்டுக்குள்ள எங்கப்பாவை உக்காத்தி வச்சிட்டேன், பாத்தியா?” என்று எதிரே பத்திரிகைக் கடை வைத்திருக்கும் என்னிடம் வந்து சிரித்தாள்.

அடுத்த ஆண்டு வழிபாட்டுக்கு மெல்போர்னிலிருந்து சுவாவின் கொள்ளுப்பேரன் டெஸ்மண்ட் வந்தான். படத்தைப் பார்த்ததும் முழந்தாளிட்டு விம்மினான்.

“என் மூக்கு அப்படியே இவரோடது!”

குவாட் கெங் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனால் அவன் எழுந்திருக்கவே இல்லை. சொந்த மகன் ஒரு ஊதுவத்திகூடக் கொளுத்தாத மனிதருக்கு இவன் இப்படி அழுகிறானே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. கோப்பிக் குவளையை அவன் கையில் கொடுத்தாள்.

“படத்துக்கு முன்னால வையிப்பா. சர்க்கரை போடாதே, அவருக்குப் பிடிக்காது.”

அவளைச் சுவா வீட்டு வேலைக்காரப் பரம்பரை என்று டத்தோ அறிமுகப்படுத்தியிருந்தார். அதனால் அவன் கேட்டான்: “ஆன்ட்டி, அவர் ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்காரா?”

இதற்கு மட்டும் அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “மழை பேஞ்சா இறக்கத்துல மிதிக்காதேன்னு சொல்வாரு.”

டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்தான். “சந்தை சரியும்போது அவசரப்படாதேன்னு அர்த்தம்! என்ன அறிவு!”

டத்தோவுக்கு உடனே பொறி தட்டியது. மறுமாதம் அந்த வரி எல்லா அறைகளிலும் பொன்னெழுத்தில் தொங்கியது. விரிப்பு மாற்றப் போகும்போதெல்லாம் குவாட் கெங் அதைத் துடைக்கிறாள்.

“எங்கப்பா ஏத்தத்துல ஏறும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு வேற ஒண்ணு சொல்வாரு. அதைக் கேட்டா டத்தோ மாட்ட மாட்டாரு” என்கிறாள்.